டயரில் நின்ற சந்தனம்

வெடித்தால் எந்தச் சக்கரம் முதலில் வெடிக்கும் என்று யோசித்துக்கொண்டே ரேணுகாதேவி காரைத் தேர்வீதியிலிருந்து பெரிய ரோட்டுக்குத் திருப்பினாள். முன்னால் இடது பக்கத்துச் சக்கரமாகத்தான் இருக்கும். அதில்தான் கோடுகள் அதிகம். தகரக் கொட்டகைக்குள் கார் நிற்கும்போது சாயங்கால வெயில் அந்தப் பக்கம்தான் விழும், வருசக்கணக்காக விழுந்திருக்கிறது, யாராவது ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார்களா என்றால் இல்லை, வடகத்துக்கு நிழல் வரக்கூடாதென்று பார்த்துப் பார்த்துக் காயவைத்தவளுக்கு டயருக்கு வெயில் வரக்கூடாதென்று தோன்றவில்லை. அந்தச் சக்கரத்துப் பக்கம்தான் கணவர் சென்னியப்பன் உட்கார்ந்திருக்கிறார். கறுப்புக் கண்ணாடி போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்து, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போலச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு. காற்றுப் பிடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். "நீங்க வேண்டாமுங்க, வெயிலு, அரை மணி நேரத்துல வந்தர்றன்" என்று சொல்லிப் பார்த்தாள். கேட்கிற ஆளா. "என்னைய உட்டுப்போட்டு வண்டி தனியாப் போயிருக்குதா அம்மணி?" என்று சொல்லிக்கொண்டே சுவரைத் தடவி, கொட்டகைத் தூணைத் தடவி, கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். கண் போய் ஏழெட்டு வருசமாகியும் கார்க் கதவின் பிடி இருக்கும் இடம் மட்டும் அவர் கைக்குத் தவறியதே இல்லை. இறங்குங்கள் என்று சொல்ல வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் டயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதுதான் அவளால் முடியவில்லை. காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் ஒன்றும் காசி தூரமில்லை, ஆனால் இன்றைக்கு அவளுக்கு அது நீண்டுகொண்டே போனது.

எல்லாம் சந்தனத்தால் வந்தது, இல்லை, சந்தனத்தால் தெரிந்தது. ஊரில் மற்றவர்களெல்லாம் ஆயுத பூஜைக்குக் காரின் முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சென்னியப்பனுக்கு அது போதாது. "ஓடறது டயரு, பொட்டு மட்டும் கண்ணாடிக்கா?" என்பார். சந்தனத்தைக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் மூன்று விரலால் பட்டை போடுவார், நெற்றியில் போடுவதுபோல. கண் இருந்தபோதும் போட்டார், கண் போன பிறகும் போடுகிறார், குத்தவைத்து உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் அளந்து அளந்து. நேற்றும் போட்டார். இன்றைக்கு விடிந்ததும் ரேணுகாதேவி ஈரத்துணியால் துடைக்கப் போனபோது சந்தனம் எல்லாம் வந்துவிட்டது, கோடுகள் மட்டும் வரவில்லை. தலைமுடி கனத்தில், மஞ்சளாய், கறுப்பு ரப்பருக்குள் இறங்கி நின்றன. முதலில் அவள் துணியை நனைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வேலைக்காரியைத் திட்டுவது மாதிரி சந்தனத்தைத் திட்டினாள். பிறகு நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம் உள்ளே போனது. அப்போதுதான் சந்தனம் போகாமல் நிற்கவில்லை, வெடிப்புக்குள்ளே போய் நிற்கிறது என்று புரிந்தது. ஒரு கோடு, பக்கத்தில் இன்னொரு கோடு, சுற்றிலும் கோடு, நாலு சக்கரத்திலும். வருசா வருசம் அவள் பூஜைக்கு முன்னால் டயருக்குத் தேங்காயெண்ணெய் பூசுவாள், ஷோரூமில் இருந்து வந்ததுபோல மினுமினுவென்று இருக்கும், எதிர்வீட்டுக்காரர்கூட "டயர் மாத்தினீங்களா" என்று கேட்பார், அவளும் பெருமையாகச் சிரித்துக்கொள்வாள். அந்த மினுமினுப்புக்குள்தான் இதெல்லாம் ஒளிந்து கிடந்திருக்கிறது. இந்த வருசம் மகளின் கட்டுச்சோற்று விசேஷ வேலையில் எண்ணெய் பூச மறந்துபோனாள். அந்த மறதிக்கு ஒரு கும்பிடு. அம்பத்தேழு வயதில் மறதி வருகிறதே என்று நேற்றுவரை கவலைப்பட்டவள் இன்று அந்த மறதியைக் கையெடுத்துக் கும்பிடத் தயாராக இருந்தாள்.

பள்ளம். பிரேக்கைத் தொட்டாள், அழுத்தவில்லை, தொட்டாள். கார் பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒன்றும் ஆகவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். ரங்கநாதா, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும். "என்ன அம்மணி, மாட்டு வண்டியாட்டப் போற?" என்றார் சென்னியப்பன். "முன்னால பஸ்ஸு போகுதுங்க." "எந்த பஸ்ஸு? எனக்கு ஒண்ணும் கேக்கலியே." அவரிடம் பொய் சொல்வதில் இதுதான் தொல்லை. பார்வை போனவருக்குக் காது நாலாகிவிட்டது. "தூரத்துல போகுதுங்க" என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கறிவேப்பிலைத் தோட்டத்து வாசனை உள்ளே வந்தது. எதிரே மலை நின்றது, உச்சியில் மேகத்தைப் போர்த்திக்கொண்டு, சக்கரம் உருள உருளப் பெரிதாகிக்கொண்டு. அந்த மலைமேல்தான் கோத்தகிரியில் சிந்துஜா இருக்கிறாள், ஏழு மாத வயிற்றோடு. நாளன்றைக்குக் கட்டுச்சோறு. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறு என்று தினுசு தினுசாகக் கட்டிக்கொண்டு போய் மகளுக்கு ஊட்டி, வளையல் போட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டி வரவேண்டும். மாப்பிள்ளை தன் காரிலேயே கொண்டுவந்து விடுகிறேன் என்றுதான் சொன்னார். "எம்புள்ளைய எங்கூட்டு வண்டீல நாங்க கூட்டியாருவோம்" என்று சென்னியப்பன் ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஓட்டப்போகிறவள் இவள், மீசையை முறுக்குகிறவர் அவர். அப்படியென்றால் நாளன்றைக்கு இந்த டயரில், இந்தக் கோடுகளின்மேல், அத்தனை வளைவுகளையும் இறங்கி, பின்சீட்டில் அவளை வைத்துக்கொண்டு. வேண்டாம், அதை நினைக்காதே, ரோட்டைப் பார்.

நினைக்காதே என்றால் மனசு கேட்கிறதா. அது சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆடி மாத மழைக்குள் போய் நின்றது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்திருந்த சிந்துஜாவைத் திரும்பக் கொண்டுபோய் விடப் போன நாள். நடு மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் லாரியின் மூக்கு திடீரென்று கண்ணெதிரே வந்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. நிற்காமல், சறுக்கிக்கொண்டு, இடது பக்கமாக, தடுப்புச் சுவரைப் பார்த்து நகர்ந்தது. அவள் கையில் ஸ்டீரிங் இருந்தது, ஆனால் ஸ்டீரிங்கில் கார் இல்லை. அப்படி ஒரு நொடி. பிறகு எங்கேயோ ஏதோ பிடித்துக்கொண்டது, சுவருக்குப் பக்கத்தில் கார் நின்றது, லாரிக்காரன் கையைக் காட்டிக்கொண்டு இறங்கிப் போனான். பின்சீட்டில் சிந்துஜா தன் வயிற்றைக் கட்டிப்பிடித்தபடி "அம்மா" என்றாள். சென்னியப்பன்தான் "சபாஷ் அம்மணி!" என்றார். அந்த ஒரு சபாஷை ரேணுகாதேவி அன்றிலிருந்து பத்திரமாக வைத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் அவ்வப்போது எடுத்துப் பார்த்துக்கொள்வாள். நாற்பத்தொன்பது வயதில் கற்றுக்கொண்ட வண்டி, நன்றாக வண்டி ஓட்டுகிறவர் என்று ஊரே சொன்ன மனிதர் வாயால் சபாஷ். இன்று காலையில் நகம் ரப்பருக்குள் போனபோது முதலில் உடைந்தது அந்தச் சபாஷ்தான். அன்றைக்கு அவள் நிறுத்தவில்லை. மரத்துப்போன பழைய ரப்பர், ஈரத்தைப் பிடிக்கத் தெரியாமல் வழுக்கியிருக்கிறது. பிறகு என்னத்தாலோ பிடித்திருக்கிறது. வெடிக்க எவ்வளவோ இடம் இருந்தும் வெடிக்காமல் வந்திருக்கிறது. மூன்று உயிர், வயிற்றுக்குள் இருந்ததோடு நாலு. யாருக்கு நன்றி சொல்வது? மழைக்கா, சுவருக்கா, லாரிக்காரனுக்கா? சொல்லத் துடிக்கிற நன்றி தெருவில் வந்து நின்றுகொண்டு, யார் வீட்டுக் கதவைத் தட்டுவதென்று தெரியாமல் முழித்தது.

தண்டவாளம் ரோட்டுக்குப் பக்கத்திலேயே கூட வந்தது. ரயிலாக இருந்தால் டயர் கிடையாது, எவ்வளவு நிம்மதி. அவளுக்கே சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டால் அவர் என்னவென்று கேட்பார் என்று அடக்கிக்கொண்டாள். காலையில் சிந்துஜாவுக்குப் போன் செய்தபோதும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள், டயரில் கோலம் போட்டிருக்கிறது என்று. அந்தப் பெண் சிரிக்கவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "அம்மா, டயர்மேல சின்ன வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும், கடைசி ரெண்டு எந்த வருசம்னு பாரு." அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து படித்தாள். சிந்துஜா கல்லூரியில் சேர்ந்த வருசம். அந்தப் பெண் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, இப்போது தாயாகப் போகிறாள், இத்தனை காலமும் அந்த டயர் இருந்திருக்கிறது. வாங்கியது அதற்கு அடுத்த வருசம். அப்போதே கடையில் ஒரு வருசம் தூங்கிவிட்டு வந்திருக்கிறது. "அஞ்சாறு வருசமாச்சுன்னா வருசா வருசம் ஆளுகிட்டக் காட்டோணுமாம்மா, பத்து வருசமாச்சுன்னா பட்டன் தேயாம எவ்வளவு இருந்தாலும் மாத்தியே ஆகோணுமாம். ஓடாம நிறுத்தியே வெச்சிருந்தாலும் ரப்பரு பழசாகுமாம்." "நாங்க மாசா மாசம் காசு வெச்சுப் பாக்கறோமே கண்ணு" என்றாள் இவள். பார்க்கத்தான் பார்த்தார்கள். சென்னியப்பன் சொல்லிக்கொடுத்த வித்தை அது. ஒரு ரூபாய்க் காசை டயரின் பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் செருகிப் பார்க்க வேண்டும், காசு முங்கினால் டயர் நன்றாக இருக்கிறதென்று அர்த்தம். ஒவ்வொரு மாசமும் காசு நன்றாக முங்கியது. ஏன் முங்காது? கார் எங்கே ஓடியது? கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எப்போதாவது மலைக்கு. காசு சொன்னது தேய்மானத்தை, வயசை அதனிடம் யாரும் கேட்கவில்லை. "ஸ்டெப்னி?" என்று கேட்டாள் சிந்துஜா. ஸ்டெப்னி சென்னியப்பனின் பெருமை. பூமியே பார்க்காத டயர் என்பார். டிக்கியைத் திறந்து பார்த்தால் அதிலும் அதே வருசம். "அம்மா, நீ அந்த வண்டிய எடுக்கவே எடுக்காத, கடையிலருந்து ஆள வரச்சொல்லு" என்றாள் மகள். கடைக்குப் போன் செய்தால் விஜயதசமி, ஆளெல்லாம் லீவு, நான் மட்டும்தான் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன், மெதுவாகக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார் கடைக்காரர். மெதுவாகத்தான் கொண்டுபோகிறாள். சைக்கிளில் போகிற ஒருவர் அவளைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. இந்த ஐந்து டயர்தான் சென்னியப்பன் தன் கண்ணால் பார்த்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, கடைக்காரரோடு வாதாடி வாங்கிய கடைசிச் சாமான். அதற்குப் பிறகு சர்க்கரை வியாதி கண்ணுக்கு ஏறியது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள், வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு வாங்கிய சட்டையும் செருப்பும் நாற்காலியும் எல்லாம் அடுத்தவர் சொன்ன நிறம்தான் அவருக்கு. இந்த டயரைத்தான் அவருக்குத் தெரியும். கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு, பட்டன் எப்படி வளைந்திருக்கும், எல்லாம். வாரத்துக்கொரு தடவை கொட்டகைக்குப் போய் நாலையும் தட்டிவிட்டு வருவார், "கல்லாட்ட இருக்குது" என்பார். கல்லாகத்தான் இருந்திருக்கிறது, அதுதான் வம்பே. அதைப்போய் செத்துப்போச்சுங்க என்று எப்படிச் சொல்வது. சொன்னால் ஒரு டயரையாவது வைத்துக்கொள்ளலாம் என்பாரோ, ஸ்டெப்னியாகவாவது கிடக்கட்டும் என்பாரோ, அப்போது அவள் மனசு இளகிச் சரி என்றுவிடுவாளோ. தன்னுடைய அந்தச் சரியை நினைத்துத்தான் அவளுக்கு இந்தக் கோடுகளைவிடப் பயமாக இருந்தது. ஏனென்றால் என்றைக்காவது ஒரு நாள் ஏதாவது ஒரு வளைவில் அந்த ஸ்டெப்னியை மாட்டத்தான் வேண்டியிருக்கும். பின்சீட்டில் சிந்துஜா இருப்பாள், அல்லது சிந்துஜாவின் குழந்தை இருக்கும். உருளைக்கிழங்கு மண்டிக்குப் போகிற லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே அவளைத் தாண்டியது, கார் லேசாக நடுங்கியது, அவள் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டாள், போதும், இன்னும் கொஞ்சம்தான், அந்த வேப்பமரம், அதற்கப்புறம் அந்தப் பெட்ரோல் பங்க், அதற்கப்புறம் கடை. இவ்வளவு நாள் தாங்கினாயே, இன்னும் கொஞ்சம் தாங்கு சாமி. டயரைப் பார்த்துச் சாமி என்று சொல்லிவிட்டாள். சொன்னது தப்பாகத் தெரியவில்லை. தட்டிக்கொண்டிருந்த நன்றி தன் வீட்டுக் கதவைக் கண்டுபிடித்துவிட்டதுபோல இருந்தது. மழையில் சறுக்கினாலும் கடைசியில் பிடித்தது இதுதானே. வயசான காலத்தில், உடம்பெல்லாம் வெடித்துக் கிடக்க, நாலு உயிரைச் சுமந்து ஏறியதே. அவள் கண் நனைந்தது. நனைந்த கண்ணோடு இண்டிகேட்டரைப் போட்டுக் கடை வாசலுக்குள் காரை ஏற்றி, எஞ்சினை நிறுத்தினாள்.

"இது காத்துப் புடிக்கற எடமில்லையே" என்றார் சென்னியப்பன். "ரப்பர் வாசன அடிக்குது. டயர்க் கடையா?"

"ஆமாங்க" என்றாள். அதற்கு மேல் பொய் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள், சந்தனம், நகம், நாலு நம்பர், சிந்துஜா சொன்னது, ஸ்டெப்னி. கடைக்காரர் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்து, பட்டனை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வெடிப்பு இருக்குதுங், மாத்தறது நல்லதுதானுங். ஆனா பட்டன் நல்லாருக்குது. பழசு வாங்கறவிய வருவாங்க, இங்கயே போட்டுட்டுப் போங்க" என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் சென்னியப்பன் கையை நீட்டினார். "எங்கிட்டக் கொண்டா அம்மணி."

அவர் கையைப் பிடித்து அந்த டயரின்மேல் வைத்தாள். அவர் மெதுவாக, சந்தனம் போட்ட அதே இடத்தில், மூன்று விரலையும் ஓட்டினார். "நேத்தே சொரசொரன்னுதான் இருந்துச்சு. சக்கர வியாதில மரத்த வெரலு, இதுக்கென்ன தெரியும்னு உட்டுட்டன்." கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். "அன்னிக்கு மலையில வழுக்குச்சே, அப்பவே தெரிஞ்சிருக்கோணும்."

ரேணுகாதேவி திடுக்கிட்டாள். "வழுக்குனது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"பின்ன? ரெண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட்டுனவன் உக்காந்துட்டிருக்கறன், வண்டி வழுக்கறது தெரியாதா?"

"அப்பறம் எதுக்குச் சபாஷ் சொன்னீங்க?"

"வண்டி நின்னதுக்கா சொன்னன்? அது என்னமோ நின்னுச்சு. நீ ஸ்டீரிங்க உடவே இல்ல பாரு, கத்தவும் இல்ல பாரு. அதுக்குச் சொன்னன்."

காலையிலிருந்து உடைந்து கிடந்தது சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டது. சென்னியப்பன் டயரை இரண்டு தட்டுத் தட்டினார், வாரா வாரம் தட்டுவதுபோலத்தான். பிறகு கடைக்காரர் பக்கமாக, அவர் நிற்கிற திசையைக் கொஞ்சம் தவறவிட்டு, முகத்தைத் திருப்பினார். "அஞ்சையும் அறுத்துப்போடுங்க. ஸ்டெப்னியுந்தான். பட்டனப் பாத்துட்டு எவனாச்சும் வாங்கீட்டுப் போவான். அவனூட்டுலயும் ஒரு புள்ள இருக்கும். இது இனி யாரையும் ஏத்தீட்டு மலை எறங்கக் கூடாது."

"ஏனுங்க," என்றாள் அவள், "நீங்க பாத்து வாங்குனதாச்சேங்க. ஒண்ணே ஒண்ணு ஊட்டுல..." வேண்டாம் வேண்டாம் என்று வழியெல்லாம் பயந்த வார்த்தையை அவள் வாயே சொன்னது.

"இதப் போட்டுட்டு வந்தன்னிக்கு நீ பச்சச் சீல கட்டீட்டு, கையில கரண்டியோட வாசல்ல வந்து நின்ன. 'இத்தன செலவா'ன்னு மொறச்ச. அந்த மொகம் டயருலயா இருக்குது? எங்கிட்ட இருக்குது. நீ அறுக்கச் சொல்லு."

கடைக்காரர் கத்தியை எடுத்து வந்தார். பக்கவாட்டில் இறக்கியபோது ரப்பர் மொறுமொறுவென்று சத்தம் போட்டது, கோடுகளில் நின்ற சந்தனத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. ரேணுகாதேவி அதை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவர் நெற்றியிலும் வைத்தாள். ஐந்தாவது டயர் அறுபடும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். புது டயரை மாட்டும் முன் ஒவ்வொன்றிலும் அந்த நாலு எண்ணைத் தேடி அவருக்குச் சத்தமாகப் படித்துக்காட்டினாள், அவர் தலையாட்டினார். கடைக்காரர் கொடுத்த நாலு எலுமிச்சம்பழத்தையும் அவரே தடவித் தடவிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. புது ரப்பர் ரோட்டைத் தொடும் சத்தமே வேறாக இருந்தது, அவர் தலையைச் சாய்த்து அதையே கேட்டுக்கொண்டு வந்தார். நாளன்றைக்கு இந்தச் சத்தத்தோடு சிந்துஜா மலை இறங்குவாள் என்று நினைத்ததும் ரேணுகாதேவிக்கு மனசு நிறைந்து வழிந்தது. ஆனாலும் கால் பழக்கத்தில் மெதுவாகவே மிதித்தது.

"ஏம்மணி," என்றார் சென்னியப்பன், "முன்னால பஸ்ஸு எதாச்சும் போகுதா?"

"இல்லீங்க."

"அப்பப் போ."